சுவருக்கு அந்தப் பக்கத்து டிவி

அத்தான் தன் ஒரே மகளைத் தலைமுழுகுவதற்காக எங்களை ஐந்தருவிக்குக் கூட்டிக்கொண்டு போன அன்று, நான் என் தலையில் ஒரு சிப்ஸ் கடைப் பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அங்கேயும் சிரித்தார்கள். சீசன் நேரம், நல்ல சாரல், குடை வேனிலேயே இருந்துவிட்டது. அருவிக்குப் போகவில்லை என்றாலும் சாரலே தலையை நனைத்துவிடும். ஒரு சொட்டுக்கூட என் தலையில் விழக் கூடாது என்பதில் அன்றைக்கு நான் அவ்வளவு பிடிவாதமாக இருந்தேன்.

அத்தான் என் கணவருடைய அண்ணன். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மேலகரத்தில் ஒரே வீடு, ஒரே அடுப்பு, இரண்டு குடும்பம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர்களுக்கு ஒரே மகள். அவளுக்குத் தலை பின்னிவிட்டது பாதி நாள் அக்கா, பாதி நாள் நான். அதனால் அவளை என் மகள் என்று சொல்ல எனக்கு யாரிடமும் அனுமதி வேண்டியதில்லை. அந்தப் பேரை மட்டும் நான் இங்கே எழுதப்போவதில்லை. அதைச் சொல்ல வேண்டிய வாய் வேறு, யாருடையது என்பது கடைசியில் தெரியும்.

கோயம்புத்தூரில் வேலைக்குப் போனவள், கூட வேலை பார்த்த பையனைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு சாதி. ஓடி ஒளியவில்லை, அவளே அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அத்தான் போனை வைத்தார். பிறகு ஆல்பங்கள், சிடிக்கள், பள்ளிக்கூடச் சான்றிதழோடு எடுத்த போட்டோ, எல்லாவற்றையும் கொல்லையில் போட்டுக் கொளுத்தினார். "இனி அந்தப் பேரு இந்த வீட்டுல யார் வாயிலயும் வரப்படாது" என்றார். மறுநாள் வேன் பிடித்தார்.

எங்கள் பக்கத்தில் இழவு முடிந்தால்தான் தலைமுழுகுவார்கள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு முழுகுவது என்றால், நீ எங்களுக்குச் செத்தவள் என்று அர்த்தம். வீட்டுக் குழாயில் முழுகினால் போதாதாம் இவருக்கு. அருவியில், நாலு பேர் பார்க்க முழுக வேண்டுமாம். ஐந்தருவியில் ஆண்கள் பக்கம் தனி, பெண்கள் பக்கம் தனி. உள்ளே யார் தலையைக் கொடுத்தார்கள் என்று அவரால் பார்க்க முடியாது. அதனால் வெளியே வரும் வழியில் செக்போஸ்ட் போலீஸ் மாதிரி நின்றுகொண்டு ஒவ்வொருவர் தலையாகப் பார்த்தார். அக்கா போனாள். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. நான்தான் இரண்டு மூன்று தடவை சத்தம் போட்டுக் கூப்பிட்டேன்.

நான் பையைக் கழற்றிவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"என்னம்மா, தலை காஞ்சு கெடக்கு?"

"உயிரோட இருக்க புள்ளைக்கு நான் எதுக்கு முழுகணும்?"

"நீ யார்ட்ட பேசுதேன்னு தெரியுதா?"

"தெரியுது அத்தான். அந்தப் புள்ளைக்கு அப்பாகிட்ட பேசுதேன்."

மங்குஸ்தான் பழம் விற்கிறவர், எண்ணெய் தேய்க்கிறவர், குளிக்க வந்த வெளியூர்க்காரர்கள், எல்லோரும் பார்த்தார்கள். என் கணவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராணுவத்தில் இருபது வருஷம் இருந்தவர், இப்போது தென்காசியில் ஒரு பேங்கில் செக்யூரிட்டி. எல்லை எல்லாம் காத்துவிட்டு வந்தவருக்கு அண்ணன் முன்னால் மட்டும் வாய் திறக்காது. "எதுக்கு வம்பு" என்பது அவருடைய வேதம். அன்றைக்கு வேனில் ஏறும்போதும் அதைத்தான் சொன்னார். அத்தான் வேறொன்று சொன்னார்: "ஒண்ணா இருந்தது போதும். பிரிச்சிருவோம்."

பிரித்தார்கள். ஊர்ப் பெரிய மனுஷர்கள் நாலு பேர் உட்கார்ந்து அண்டா, உரல், பீரோ, கொல்லைத் தென்னை வரைக்கும் எழுதினார்கள். ஹாலில் இருந்த பெரிய டிவி அத்தானுக்கு. கம்ப்யூட்டர் எனக்கு. நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், அது என் பிழைப்புச் சாமான். ஹாலுக்கு நடுவில் நாலரை இஞ்சில் ஒரு செங்கல் சுவர் எழும்பியது. கொல்லையிலும் அதே சுவர். அத்தான் தன் பக்கத்துக்கு அடுத்த தெருவில் வாசல் வைத்துக்கொண்டார். பேச்சுவார்த்தை இல்லை, நல்லது கெட்டது இல்லை.

"கம்ப்யூட்டர்ல அந்தச் சவத்தோட படமெல்லாம் இருக்கும், அதையும் அழிச்சிரணும்" என்று பெரிய மனுஷர்களிடம் அத்தான் சொல்லி அனுப்பியிருந்தார். என் கணவர் வந்து என்னிடம் சொன்னார். நான் "சரி" என்றேன். சரி என்றேனே தவிர, அழிக்கிறேன் என்று சொல்லவில்லை. அவர் போய் "அழிச்சாச்சு" என்று சொல்லிவிட்டார். அவள் நடக்கப் பழகியது, சடங்கு, பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் ஆடியது, வீரகேரளம்புதூரில் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து பாயசத்துக்கு அழுதது, எல்லாம் பத்திரமாக இருந்தது. ஒன்றைக்கூட நான் தொடவில்லை.

அந்த நாலு பெரிய மனுஷர்களும் எழுத மறந்த ஒரு சாமான் உண்டு. அண்டாவைப் பிரிக்கலாம், தென்னையைப் பிரிக்கலாம். வைஃபை கண்ணுக்குத் தெரியாதே! வைஃபை தருகிற ரவுட்டர் பெட்டி என் பக்கத்துச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டு இருந்தது. அதே சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய டிவி. பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, பொய் சொல்லக் கூடாது.

அந்த டிவியையும் கம்ப்யூட்டரையும் இணைத்தவளே அவள்தான். டிவி வாங்கின புதிதில், கல்லூரி லீவுக்கு வந்தவள், டிவி ரிமோட்டையும் என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்தாள். டிவி ஒரு கம்பெனி, கம்ப்யூட்டர் இன்னொரு கம்பெனி, இது எப்படி ஒட்டும் என்று கேட்டேன்.

"முன்னாடி ஒட்டாது சித்தி. ஒவ்வொரு கம்பெனிக்காரனும் சொந்தத்துக்குள்ளதான் சம்பந்தம் வச்சுக்கிடுவான். அவன் டிவி அவன் பெட்டிகூட மட்டும்தான் பேசும். அப்புறம் எல்லாவனும் உக்காந்து ஒரு பொது விதி எழுதிட்டானுவ. இப்ப ஒரே வைஃபைல இருந்தாப் போதும். டிவி, யாருட்ட என்ன படம் இருக்குன்னு கேக்கும். கம்ப்யூட்டர், என்கிட்ட இன்னின்னது இருக்குன்னு சொல்லும். இன்டர்நெட்டே வேண்டாம்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். எந்தக் கம்பெனின்னு யாரும் கேக்க மாட்டான்."

பிறகு, படங்களை டிவிக்கு அனுப்புகிற புரோகிராமுக்கு ஒரு பேர் வைக்கச் சொல்லி கம்ப்யூட்டர் கேட்டது. டிவியில் பட்டியல் வரும்போது அந்தப் பேர்தான் தெரியுமாம். அவள் "எங்க வீடு" என்று தமிழிலேயே அடித்தாள். தகரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் இருக்கிற புத்தி மனுஷனுக்கு இல்லை என்று பின்னாடி எத்தனையோ தடவை நினைத்து வயிறெரிந்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, டிவியில் அவளுடைய ஆண்டுவிழா ஆட்டம் பெரிதாக வந்ததும் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

சுவர் கட்டி இரண்டு வருஷம் போயிருந்தது. கடை ஃபைல்களை அங்கிருந்தே எடுப்பதற்காகப் பகலில் கம்ப்யூட்டரை அணைக்காமல்தான் போவேன். ஒரு நாள் சாயங்காலம் வந்து அந்த புரோகிராமைத் தற்செயலாகத் திறந்தேன். எது, எப்போது, எந்த டிவியில் ஓடியது என்று அதில் ஒரு பட்டியல் இருக்கும். "பெரிய டிவி. சடங்கு. காலை 11.05" என்று இருந்தது. கீழே இறக்கிப் பார்த்தேன். முந்தின நாளும் பதினோரு மணி. அதற்கு முந்தின நாளும். பாயசத்துக்கு அழுகிற வீடியோ மட்டும் ஒரே வாரத்தில் ஒன்பது தடவை. என் அக்கா! புருஷன் டீக்கடைக்குப் போகிற நேரம் பார்த்து மகளைப் பார்க்கிறாள்!

உடனே கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன்.

"ஏட்டி, உங்கம்மா உன்னப் பாக்கா! டிவியில தினமும் பாக்கா!"

அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வீடியோ அனுப்ப ஆரம்பித்தாள். தோசை கல்லில் ஒட்டிக்கொண்டதைக் காட்டுவாள். மாடியில் துணி காயப்போட்டதைக் காட்டுவாள். மாப்பிள்ளை வெங்காயம் உரித்துக்கொண்டு கண்ணைத் துடைப்பதைக் காட்டுவாள். பிறகு ஏழு மாத வயிறு, பிறகு துணியில் சுற்றின ஒரு பெண் குழந்தை. எல்லாவற்றிலும் முதல் வார்த்தை அம்மா. "அம்மா, நல்லா இருக்கியா? அப்பாவுக்கு பிரஷர் மாத்திரைய ஒழுங்கா குடுக்கியா? நீ கேக்கலன்னா அவரு ஒளிச்சு வைப்பாரு, பாத்துக்கோ. நான் பேசுறத அவருகிட்ட சொல்லிராதம்மா." நான் ஒவ்வொன்றையும் வாங்கி, தேதி போட்டு, மேலேயே தெரிகிற மாதிரி வைப்பேன். மறுநாள் பதினோரு மணிக்குப் பட்டியலில் வந்துவிடும்.

தெருவில் அக்காவைப் பார்த்தால் யாருக்கும் தெரியாமல் கண்ணைச் சிமிட்டுவேன். அவள் ஒன்றும் புரியாதவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். கள்ளி, என்னமா நடிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். ஒன்று மட்டும் எனக்கு ஆறவே இல்லை. அத்தான் அக்காவை அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. மகள் பிறந்த நாளிலிருந்து மகள் பேரோடு அம்மா என்று சேர்த்துத்தான் கூப்பிடுவார். மகள் பேரைத் தடை செய்த பிறகு பெண்டாட்டியைக் கூப்பிட அவரிடம் பேரே இல்லை. "ஏ", "இந்தா", "இங்கன வா" என்று சுவர் வழியாகக் கேட்கும். ஆட்டைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். எனக்கு அந்தச் சுவரையே இடித்துவிடலாம் போல ஆத்திரம் வரும்.

இந்த வருஷம் சாரல் ஆரம்பித்த சமயம், குழந்தை குப்புற விழுந்த வீடியோவை நான் ஏற்றிக்கொண்டிருந்தபோது என் கணவர் பின்னால் வந்து நின்றுவிட்டார். எல்லாம் தெரிந்துபோனது.

"ஒனக்குக் கோட்டியா புடிச்சிருக்கு? அண்ணனுக்குத் தெரிஞ்சா மைனிய உயிரோட விடுவானா? மொதல்ல அத நிறுத்து."

"நிறுத்த மாட்டேன்."

"எதுக்குட்டி வம்பு?"

"வம்புதான். பெத்தவ புள்ளையப் பாக்கது வம்புன்னா, நான் வம்புதான் பண்ணுவேன். நீங்க எல்லையில துப்பாக்கி புடிச்சு நின்னு என்ன பிரயோசனம்? ஒரு சுவரத் தாண்டிப் பேசத் தைரியம் இல்ல!"

மறுநாள் காலையில் அவர் ரவுட்டருக்குக் கரண்ட் தருகிற அடாப்டரைப் பிடுங்கி, டிபன் பைக்குள் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டார். சாயங்காலம் கேட்டேன், தரவில்லை. சரி, எடுத்த கைதான் திரும்ப மாட்ட வேண்டும் என்று நானும் வீம்பு பிடித்தேன். மூன்று நாள் வெறும் ரசம் சோறு. அப்பளம்கூடப் பொரிக்கவில்லை. மனுஷன் அதையும் பேசாமல் சாப்பிட்டார். ராணுவச் சாப்பாட்டில் பழகின நாக்கு, நான் அதை மறந்துவிட்டேன்.

நாலாவது நாள் என் வீம்பு தோற்றது. பதினோரு மணிக்குக் கடையில் உட்கார்ந்திருந்தால் அக்கா ரிமோட்டை வைத்துக்கொண்டு தேடுகிற மாதிரியே இருந்தது. ஆதார் கார்டை இரண்டு பக்கமும் தலைகீழாக ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன். கடையைப் பாதியில் பூட்டிவிட்டு, தென்காசிக்குப் போய்ப் புது அடாப்டர் ஒன்று வாங்கிக்கொண்டு நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கொல்லைக் கதவைத் திறந்தால் பின்பக்கச் சந்தில் அத்தான் நிற்கிறார். மூன்று வருஷத்தில் முதல் தடவை.

மாட்டிக்கொண்டோம், அக்காவை என்ன செய்தாரோ என்று பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். ஆனால் அவர் முகத்தில் கோபம் இல்லை. மழித்து நாலு நாள் ஆகியிருக்கும். வெள்ளையாக முளைத்திருந்தது.

"கரண்ட் இருக்கா?" என்றார்.

"இருக்கே."

"எங்க பக்கமும் இருக்கு." கொல்லைப் பப்பாளி மரத்தைப் பார்த்தார். பிறகு என் செருப்பைப் பார்த்தார். "டிவியில 'எங்க வீடு'ன்னு ஒண்ணு வரும்லா. நாலு நாளா வரல."

எனக்கு உடனே விளங்கவில்லை. "அக்கா கேட்டுட்டு வரச் சொன்னாளா?" என்று கேட்டேன்.

"அவளுக்குத் தெரியாது. அவ பதினோரு மணிக்குக் கோயிலுக்குப் போயிருவா. அப்பதான் நான் டீக்கடைக்குப் போகாம…"

நான் கொல்லைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருஷமாக! நான் கண்ணைச் சிமிட்டியது, அந்தப் பிள்ளை அம்மா அம்மா என்று பேசியது, எல்லாம் இவருக்கா போய்ச் சேர்ந்திருக்கிறது? இரக்கம் வந்திருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு வரவில்லை. தலைக்கு மேல் கோபம்தான் வந்தது.

"அத்தான், அந்தப் புள்ள அவ அம்மாவுக்குன்னு பேசுனத பூராவும் நீங்க ஒத்தையில உக்காந்து பாத்திருக்கிய. பேத்தியையும் பாத்திருக்கிய. பெத்தவ ஒரு தடவையாவது பாத்தாளா? அவளுக்குப் பேத்தி இருக்கதாவது தெரியுமா?"

"நான் எப்படிம்மா அவகிட்ட சொல்லுவேன்? முழுகச் சொன்னதே நான்தான." அவர் கொல்லைக்குள் வந்து நடுச்சுவரில் கை வைத்துக்கொண்டார். "மாத்திரைய ஒழுங்கா குடுக்கியான்னு கேக்கா அந்தப் புள்ள. அன்னைல இருந்து ஒரு வேளை விடாம போடுதேன்."

எனக்கும் கண் கலங்கிவிட்டது. கலங்கினாலும் நான் விடவில்லை. பையிலிருந்து அடாப்டரை எடுத்து அவருக்குக் காட்டினேன்.

"இது இருந்தாத்தான் உங்க டிவியில வரும். இத நான் மாட்ட மாட்டேன்."

"ஏம்மா இப்படிப் பண்ணுத?"

"இனி ஒளிச்சுப் பாக்க விட மாட்டேன். கம்ப்யூட்டர் இங்கன என் வீட்டுலதான் இருக்கு. பாக்கணும்னா உள்ள வந்து பாருங்க. ஒத்தையில இல்ல, அக்காவோட. அவள நான் கூப்பிட மாட்டேன். நீங்க கூப்பிடுங்க, இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்னு. முன்னால எப்படிக் கூப்பிடுவியளோ அப்படி."

அவருக்கு விளங்கியது. முகம் கறுத்தது. போலீஸ்காரப் பார்வை ஒன்று பார்த்தார். ஐந்தருவியில் பார்த்த அதே பார்வைதான். அன்றைக்கே நான் பயப்படவில்லை. போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போனால் போகட்டும் என்று அடாப்டரைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தான் தொண்டையைச் செருமினார்.

"இந்தா" என்றார் சுவரைப் பார்த்து.

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மகள் பேரைச் சொல்லி, அதோடு அம்மா என்று சேர்த்துக் கூப்பிட்டார். எனக்கே சரியாகக் கேட்காத அளவுக்குத்தான் சத்தம் வந்தது. நாலரை இஞ்சு சுவர்தானே. அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பதில் வரவில்லை. அத்தான் என்னைப் பார்த்தார். அவர் இரண்டு கையையும் சுவரில் ஊன்றிக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, அந்தப் பேரைச் சொல்லி இன்னொரு தடவை கூப்பிட்டார்.

குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

"வாரேன்" என்றாள் அக்கா.